துண்டுக்குள் இருந்த தலை

என் தம்பி தேனேஷுக்குப் பெண்களிடம் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேச வரும். கழுதை வயசாகிவிட்டது, நாற்பதை எட்டப் போகிறான். மாட்டோடு பேசுவான், வண்டிச் சக்கரத்தோடு பேசுவான், என்னோடு சண்டை போடுவதற்கு வாய் காதுவரை நீளும். ஆனால் எதிரே ஒரு பெண் வந்து நின்றுவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்து, "நாளைக்கு மழை வரும்போல" என்பான். அந்தப் பெண் வில்மாவாக இருந்தால் அதுவும் வராது. தொண்டையைச் செருமுவதோடு சரி.

வில்மா, கெலெமென் மாமாவின் இளைய மகள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு. தேனேஷுக்கு அவள்மேல் உயிர் என்பது எங்கள் ஊர் நாத்ஹலோம் முழுக்கத் தெரியும். கூரையில் கூடு கட்டியிருக்கும் நாரைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வில்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் செருமிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் வில்மாவைப் பார்த்தேன். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. பேச்சுக்குப் பேச்சு தும்மினாள்.

"திங்கக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பறேன், போரி அக்கா. ஸெகெத் டவுன்ல எங்க அக்கா நூல் மில்லுல வேலை பாத்து வெச்சிருக்கா."

"எத்தனை நாளைக்குடி?"

"நாள் என்ன நாளு. போனா போனதுதான். இங்க யாரு எனக்காக உக்காந்திருக்கா?" என்று சொல்லிவிட்டு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். "நாளைக்கு ஆவி பிடிச்சாத்தான் இந்தச் சளி விடும். இந்த மூக்கோட ரயில் ஏற முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தேனேஷ் பரணில் பூ உலர்த்திக்கொண்டிருந்தான். ஏணியடியில் நின்று கத்தினேன்.

"டேய், இறங்குடா கீழே! அவ ஊரை விட்டே போறாளாம். நாளைக்குள்ள நீ கேக்கலைன்னா, சாகற வரைக்கும் என் சமையலைத்தான் தின்னணும். தெரிஞ்சுக்கோ!"

 மேலேயிருந்து, "உன் சமையலையா?" என்று ஒரு குரல் நடுங்கியது. பயத்தை எங்கே தொட்டால் வரும் என்று எனக்குத் தெரியும்.

பூ என்றேனே, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் மண் உப்புப் பூத்த மண். வசந்தத்தில் சேறு, கோடையில் வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடக்கும். கோதுமை போட்டால் கோபித்துக்கொண்டு வராது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் மனசு வெறுத்துப்போகும். ஆனால் சீமைச்சாமந்திக்கு இந்த மண்தான் சொர்க்கம். யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. இலையுதிர் காலத்தில் தானாக முளைத்து, பனிக்கு அடியில் சுருண்டு படுத்திருந்துவிட்டு, மே மாதம் வெட்டவெளி முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும். காலையில் பனித்துளி உலர்ந்ததும் நாங்கள் பல் வைத்த மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவோம். செடியின் தலையைச் சீவுகிற மாதிரி சீவினால் பூ பெட்டிக்குள் விழும், தண்டு நின்றுவிடும். பரணில் மெல்லியதாகப் பரப்பிவிட்டுப் பிறகு கை வைக்கக் கூடாது. வைத்தால் பொடிப்பொடியாக உதிரும்.

இதில் ஜாதிகள் உண்டு. பாதிரியார் மனைவி தன் தோட்டத்தில் ரோமாபுரிச் சாமந்தி வளர்க்கிறாள். தரையோடு பாயாகப் படுத்திருக்கும், அடுக்கடுக்காக இதழ், தினமும் தண்ணீர், நிழல், செல்லம். அவளைப் போலவே அதற்கும் வெயில் ஆகாது. இன்னொன்று நாற்றச் சாமந்தி. பெயரே போதும், பறித்தால் கை கொப்புளிக்கும். மூன்றாவதுதான் பெரிய மோசக்காரி, நாய்ச்சாமந்தி. அசலைவிடப் பெரியது, அசலைவிட அழகு, ஆனால் வாசனை என்று ஒன்றும் கிடையாது, மருந்துக்கு உதவாது. இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க, மஞ்சள் குமிழை நகத்தால் பிளக்க வேண்டும். நாய்ச்சாமந்திக்கு உள்ளே கெட்டியாக இருக்கும், அசலுக்கு வெறும் கூடு. உலகத்திலேயே தலை காலியாக இருப்பது பெருமை என்றால் அது இந்தப் பூவுக்கு மட்டும்தான். என் தம்பிக்கும் அந்தப் பெருமை உண்டு என்று நான் அடிக்கடி சொல்வேன்.

போன வருஷம் அவன் அதை நிரூபித்தும் காட்டினான். கெலெமென் மாமா கூலிக்குக் கூப்பிட, அவர் வண்டிக்காகப் பூச் சீவப் போனான். பக்கத்து வரிசையில் வில்மா. இவன் கண் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கை மட்டும் தன் பாட்டுக்குச் சீவியது. சாயங்காலம் பூ வாங்கும் நிலையத்தில் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பூவை நகத்தால் பிளந்தார்கள். கெட்டி. இன்னொன்று. அதுவும் கெட்டி. மூட்டை முழுக்க நாய்ச்சாமந்தி! ஊர் பார்க்க மாமாவின் வண்டியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வருஷமாகப் பூ சீவுகிற மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றிலிருந்து தேனேஷ் அந்தப் பக்கம் போனால் அவர் நாயை அவிழ்த்துவிடுவார். நாய் பாவம், இவனிடம் வாலாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு பை உலர்ந்த பூவும் கொடுத்தேன்.

"சர்ச்சுல உச்சி மணி அடிக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேரு. கிழவர் சர்ச்சுக்குப் போயிருப்பாரு. அவ ஆவி பிடிச்சிட்டிருப்பா. பூவைக் குடு. கேளு. வந்துடு."

"மூஞ்சியைப் பாத்தா எனக்கு வராதேக்கா."

"ஆவி பிடிக்கறவ மூஞ்சி எங்கடா தெரியப் போவுது? துண்டுக்குள்ளதானே இருக்கும்! துண்டைப் பாத்துக் கேளு."

அதைச் சொன்ன என் நாக்கை அறுக்க வேண்டும். ஆனால் அவன் முகம் பளிச்சென்று ஆனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா ஒரு நல்ல யோசனை சொல்லிவிட்டாள் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

எங்கள் ஊரில் டாக்டருக்கு அவ்வளவாக வேலை கிடையாது. வயிறு வலித்தால் சாமந்திக் கஷாயம். கண் பொங்கினால் சாமந்தித் தண்ணீர். பல் வலிக்கு அதையே கொப்பளிப்போம், பச்சைக் குழந்தையை அதிலேயே குளிப்பாட்டுவோம், பெண்கள் தலைமுடி பொன்னிறமாக அதிலேயே அலசுவார்கள். வெளியில் சொல்ல முடியாத இடத்தில் வலி என்றால் தொட்டியில் ஊற்றி அதிலேயே உட்கார்ந்துவிடுவோம். சளிக்கோ ஆவிதான். அதற்குச் சட்டங்கள் உண்டு. அந்தச் சட்டங்களை எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் கெலெமென் மாமா. துண்டுக்குள் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் மருந்து வெளியே போய்விடும். உச்சி மணி அடிக்கும்வரை துண்டை விலக்கக் கூடாது. வியர்த்த முகத்தில் காற்றுப் பட்டால் வாய் கோணிக்கொள்ளும். எங்கள் ஊர்க்காரன் ஓநாய்க்குக்கூடப் பயப்படமாட்டான், கதவிடுக்கில் வரும் காற்றுக்குப் பயப்படுவான்.

தேனேஷை நம்பி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார நான் என்ன மரக்கட்டையா? கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். அவர்கள் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, ஓட்டையில் கந்தல் அடைத்திருந்தது. அதைச் சத்தமில்லாமல் உருவிவிட்டுக் காதை வைத்தேன். கண்ணுக்கும் கொஞ்சம் இடம் இருந்தது.

அடுப்புப் பக்கம் முகத்தை வைத்து, வாசலுக்கு முதுகைக் காட்டி ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே பெரிய துண்டு. தோளில் வில்மாவின் பூப்போட்ட சால்வை. கீழே வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, கால் இரண்டும் ஒரு வாளிக்குள். வீடே சாமந்தி வாசனை. தேனேஷ் கதவைத் திறந்துபோட்டபடி உள்ளே போனான். தொப்பியைக் கழற்றினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வில்மா," என்றான். செருமலே இல்லை! "நீ பேசாதே. பேசினா மருந்து போயிடும். நானே பேசிடறேன். இத்தனை வருஷமா மனசுக்குள்ளகூட நீங்க நீங்கன்னுட்டிருந்தேன், இன்னிக்கு ஒரு நாள் நீன்னு சொல்லிக்கறேன், கோவிச்சுக்காதே."

துண்டு ஒரு தடவை விலுக்கென்று ஆடியது.

"போன வருஷம் அந்த மூட்டை... நான் கண்ணு தெரியாம சீவலை. நீ குனிஞ்சு நிமிரும்போது தலைமுடி வெயில்ல மின்னிச்சு. அதைத்தான் பாத்துட்டிருந்தேன். என் பெட்டில நாய்ச்சாமந்தியா, நாயேவா, எது விழுந்ததுன்னு எனக்குத் தெரியாது."

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்தேன். இந்த மடையனுக்குள் இவ்வளவு பேச்சா! அப்போது என் முழங்கையை யாரோ தொட்டார்கள். திரும்பினேன்.

வில்மா. கையில் ஒரு கோழி, சிவந்த மூக்கு, சாட்சாத் வில்மாவேதான்.

"என்னக்கா இங்க பண்றீங்க?"

 விரலால் உள்ளே காட்டி, சத்தமே வராமல், "அது யாருடி?" என்றேன்.

"அப்பா. என் சளி அவருக்கும் ஒட்டிக்கிச்சு, சர்ச்சுக்கும் போகலை. குளிருதுன்னு என் சால்வையைப் போத்திட்டு உக்காந்திருக்காரு."

வெள்ளை மடிப்பு பாவாடையில்லை, கிழவரின் அகலக் கால்சட்டை! எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்னமும் ஏழு பாவாடைக்கு ஆகும் துணியில் ஒரு கால்சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். நான் கதவுப் பக்கம் ஓடப் பார்த்தேன். வில்மா என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள். கோழியின் வாயையும் பொத்திக்கொண்டு ஓட்டையில் காதை வைத்தாள்.

உள்ளே தேனேஷுக்கு மடை திறந்துவிட்டது.

"உங்கப்பா சம்மதிக்க மாட்டாரு, தெரியும். அந்தச் சிடுமூஞ்சிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பரவால்ல. ஆடு வளக்கலையா, அந்த மாதிரி அவரையும் வெச்சுப் பாத்துக்கறேன். கோழிக்கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ரூம் கட்டிடுவோம். காலைல கோழியும் அவரும் சேந்து கத்தட்டும்."

வாளிக்குள் கால் தொம் தொம்மென்று உதைத்தது. தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

"சந்தோஷமா இருக்கா?" என்றான் தேனேஷ். "எனக்கும்தான்."

துண்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தது. சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கதவைக் காட்டியது. கதவைச் சாத்து, காற்று வருகிறது என்றோ, வெளியே போ என்றோ, இரண்டுமோ. தேனேஷ் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டான். அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தான்.

பிறகு கையைப் புரட்டிப் பார்த்தான். "அடப்பாவமே, உன் கை எவ்வளவு முரடா போச்சு! அந்தக் கிழவர் உன்னை இப்படியா வேலை வாங்கறாரு? விரலெல்லாம் புகையிலைக் கறை, அதை வேற நறுக்க விடறாரா?"

வில்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சளியோடு இருப்பவர்களிடம் அது தெரியாது.

அப்போது சர்ச்சில் உச்சி மணி அடித்தது.

துண்டு விலகியது. வெந்த பீட்ரூட் நிறத்தில் கெலெமென் மாமா திரும்பினார். மீசை இரண்டு பக்கமும் நனைந்து தொங்க, அதில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. கை இன்னும் தேனேஷின் கையில்தான் இருந்தது.

"கோழிக்கொட்டாய்க்குப் பக்கத்துலயா?" என்றார்.

தேனேஷ் அவரைப் பார்த்தான். கையைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

"நாளைக்கு மழை வரும்போல," என்றான்.

இதற்கு மேல் வெளியே நிற்க முடியாது. நானும் வில்மாவும் கோழியும் உள்ளே பாய்ந்தோம். மாமா எழுந்து நின்று, வாளிக்குள் நின்றபடியே கத்தினார்.

"போரி! உன் தம்பி என் கைக்கு முத்தம் குடுத்துட்டான்! ஊரு பாக்க என் வண்டியைத் திருப்பி அனுப்பினப்பகூட எனக்கு இப்படி இல்ல! நீங்க எல்லாரும் கேட்டுக்குங்க, என் பொண்ணு நாளைக்கு ஸெகெத் போறா. இந்தக் கெட்டித்தலையனுக்குக் குடுக்கமாட்டேன்!"

"மாமா, அவன் தலைல ஒண்ணுமே இல்ல, கெட்டியெல்லாம் இல்ல," என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். எடுபடவில்லை.

வில்மா கோழியைக் கீழே விட்டாள். தேனேஷுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் எனக்குத்தானே? இப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க."

என் தம்பி வாயைத் திறந்தான். நான் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். வாய் திறந்தபடியே இருந்தது.  பிறகு, இருபது வருஷமாக நாங்கள் கேட்ட அதே செருமல். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

வில்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "சரி," என்றாள். திரும்பி அடுப்பிலிருந்த கொதிநீரைச் சட்டியில் ஊற்றினாள். தேனேஷ் கொண்டுவந்த பையைப் பிரித்து இரண்டு கை பூவை அள்ளினாள். ஒரு பூவை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தாள். காலி. அசல். எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் தலையை மூடிக்கொண்டாள்.

 தரையில் கொட்டிய தண்ணீரைக் கோழி குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. இந்தத் தடவை வில்மாவின் கைதான். தேனேஷின் சட்டைக் காலரைப் பிடித்து, தலையோடு உள்ளே இழுத்துக்கொண்டது.

"துண்டுக்குள்ள பேசக் கூடாது!" என்று மாமா அலறினார்.

உள்ளே பேசினார்கள். முதலில் அவன் குரல், அப்புறம் அவள் குரல், அப்புறம் அவன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் எவ்வளவு பக்கத்தில் போனேன் என்று கேட்காதீர்கள். மாமாவும் வாளியை விட்டு இறங்கி, ஈரக் காலோடு மறுபக்கம் வந்து குனிந்துகொண்டிருந்தார். ஒருமுறை துண்டுக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அது பேச்சைவிட மாமாவைக் கலவரப்படுத்தியது.

வில்மா துண்டை விட்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை, மூக்கு திறந்துவிட்டது போலிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். நாளைக்கு ரயிலில் போக வேண்டிய பெட்டி.

"என்னடி சொன்னே அவனுக்கு?" என்றார் மாமா.

"அவரையே கேளுங்க," என்று பெட்டியின் மூடியில் கை வைத்தபடி நின்றாள். திறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

தேனேஷும் தலையை வெளியே எடுத்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவன் எங்களைப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் ஜன்னல் வழியாக வானத்தைத் தேடினான்.

"இவன் வானத்தைப் பாக்கறான்! மறுபடி பாக்கறான்!" மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஸெகெத் போறாளா, இருக்காளாடா? நான் என்னடா பண்ணுவேன் இந்த வீட்ல ஒத்தையா? சொல்லித் தொலையேன்!"

அவர் அதைச் சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. வில்மா சட்டென்று நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் துண்டை எடுத்து, தேனேஷின் தலையில் போட்டு, கழுத்தைப் பிடித்துச் சட்டிக்கு மேல் அமுக்கினார்.

"இப்பச் சொல்றா!"

"சரின்னு சொல்லிட்டா, மாமா," என்றது துண்டு. தெளிவாக, கணீரென்று. "பெட்டியைப் பிரிச்சுடறாளாம். இங்கயேதான் இருக்கப் போறோம், உங்க கூட. உங்களுக்குத் தெருப்பக்க ரூமாம். கோழிப்பக்கம் நான் படுக்கணுமாம்."

மாமாவின் கை அவன் கழுத்தில் அப்படியே நின்றது. மீசையிலிருந்து ஓர் இதழ் கழன்று விழுந்தது. தேனேஷ் எழுந்திருக்கப் பார்த்தான். அவர் விடவில்லை, மறுபடி அமுக்கினார்.

"இருடா உள்ளேயே! வேர்த்த மூஞ்சியோட வெளியே வந்து, காத்து பட்டு, வாய் கோணிப்போச்சுன்னா கல்யாணப் போட்டோவுல எப்படிடா நிப்பே? கதவை இப்படியா திறந்து போடுவாங்க?"

நான்தான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து, வெட்கமில்லாமல் ஊளையிட்டு அழுதேன்.